இரு இயக்கமுறைக் கணிப்பொறி தொடங்காமை ஏன்?

தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்க்கு முதலில் வழங்கப்பட்ட பொறிகளில் விண்டோஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இரண்டு இயக்கமுறைகள் இருந்தன. அத்தகைய பொறியில், இடம் பெருக வேண்டி லினக்ஸ் பகுதியை நீக்கியவர் மறுநாள் காண்பது கரிய திரையும் 'க்ரப் ரெஸ்க்யூ' என்னும் சொற்களுமே. விண்டோஸ் கெடாதிருந்தும் தொடங்காமை ஏன்?

பழைய முறையில் அமைந்த வட்டின் முதற்கூறு 512 பைட் அளவினது. அதில் 446 பைட் தொடக்க ஆணைகளுக்கும், 64 பைட் பகுதிகளின் அட்டவணைக்கும், 2 பைட் அடையாளத்துக்கும் உரியவை. லினக்ஸின் தொடக்கியாகிய க்ரப், தன் சிறு துண்டையே இங்கு வைக்கிறது. தெரிவுப் பட்டியல் முதலியன லினக்ஸ் பகுதியில் உள்ளன. அப்பகுதி மறைந்தால், வாயிற்காவலன் இருந்தும் வழி சொல்வாரில்லை.

பகுதியை நீக்குதல் அட்டவணைக் குறிப்பையே அழிக்கிறது. காந்த வட்டாயின், புதியன எழுதப்படும்வரை பழைய கோப்புகள் அங்கேயே கிடக்கும். ஆகவே வட்டு முழுவதையும் அழித்தமைக்க விரையாதீர். பாடக் குறிப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக் கொள்க.

பின்னர், விண்டோஸ் நிறுவல் வட்டால் பொறியைத் தொடக்கி, மீட்பு ஆணைத்திரையில் 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்னும் ஆணையை இடுக. இது தொடக்க ஆணைகளை மட்டும் புதுப்பிக்கும், அட்டவணையைத் தொடாது. விண்டோஸ் முன்போல் தொடங்கும்.

இனி லினக்ஸ் பகுதியை நீக்க விழைவோர், இவ்வாணையை நீக்குமுன்னரே இடுதல் நன்று.