உதட்டுக்குள் ஒளியும் புகையிலை

பிள்ளைக்குப் புகையிலைப் பழக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் பெற்றோர் செய்கிற முதல் வேலை, சட்டையை முகர்ந்து பார்ப்பது. சிகரெட் என்றால் அது பயன்படும். இப்போது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் கவலையோடு பேசுவது வேறொன்றைப் பற்றி. மாணவர்கள் ‘கூல் லிப்’ என்று சொல்லும் அந்தச் சிறு பொட்டலத்தைக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டு, கணக்குப் பாடம் முழுக்க அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். புகை இல்லை, அடிக்கடி எழுந்து போய்த் துப்ப வேண்டியதும் இல்லை. வாயில் வீசுவது புதினா மணம். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதைப் பற்றிக் கவலை தெரிவித்தது.

புகையிலையின் காரத்தைப் புதினாக் குளிர்ச்சி மறைத்துவிடுகிறது. அதனால் பிள்ளைகள் இதை மிட்டாயைப் போலத்தான் தொடங்குகிறார்கள். அதிலுள்ள நிகோடின் (புகையிலையில் இயற்கையாகவே இருக்கும் போதைப்பொருள்) வாயின் மெல்லிய தோல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், டோபமைனை (இன்ப உணர்வைத் தூண்டும் சுரப்பு) கூட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிகோடின் பாதியாகக் குறைந்துவிடும். உடல் மறுபடி கேட்கும். முதல் இடைவேளை, மதிய உணவு, பள்ளி விடும் நேரம் என்று பழக்கம் பள்ளி மணியோடு ஒட்டிக்கொள்வது இப்படித்தான். தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளைப் பகுதி முழுமையாக வளர ஏறக்குறைய 25 வயதாகும் என்பதால், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விரைவாகச் சிக்குகிறார்கள். 2019-ல் நடந்த தேசிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்திவந்தார்கள். மாணவிகளில் மட்டும் எடுத்தாலும் அது 7 விழுக்காட்டைத் தாண்டியது. “பையன்கள் சமாச்சாரம்” என்று ஒதுக்க இடமில்லை.

அடையாளத்தை முதலில் வாயில் தேடுங்கள். கீழுதட்டை மெல்ல இழுத்துப் பார்த்தால், பொட்டலம் வைக்கும் இடத்தில் தோல் வெளுத்து, சுருக்கம் விழுந்திருக்கும். அந்த இடத்து ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர்ப்பக்கம் தெரியும். காரம் பட்டால் எரிச்சல், புத்தகப்பையின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டலங்கள், செலவுப் பணத்துக்குக் கணக்கு வராமல் போவது ஆகியவையும் உண்டு. வகுப்பில் திடீரென்று தலைசுற்றல், வியர்வை, வாந்தி என்று ஒரு பிள்ளை சோர்ந்து விழுந்தால், அது காலையில் சாப்பிடாததாலும் இருக்கலாம். முதன்முறை பயன்படுத்தியதால் ஏறிய நிகோடின் நச்சாகவும் இருக்கலாம். அப்போது அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வெண்மையைப் பார்த்ததும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம். இந்த வயதில் தென்படும் மாற்றங்கள் பெரும்பாலும் பழக்கத்தை விட்ட சில வாரங்களில் மறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெண்படலம், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உறுதியானதும் பிள்ளையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதலாவது? எழுந்த அரை மணிக்குள் தேவைப்படுகிறது என்றால் பழக்கம் ஆழமாக ஊன்றிவிட்டது; மருத்துவ உதவி வேண்டும். “யார் கொடுத்தது?” என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்லத் தொடங்கினால், அடுத்த கேள்விகளுக்கும் பொய்தான் வரும்.

விடுவதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு வாரம் வேண்டாம். நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, படிப்பில் கவனமின்மை, அதிகப் பசி எல்லாம் வரும். பெரும்பாலான வீடுகளில் காரியம் கெடுவது இங்கேதான். நிகோடின் இல்லாமல் தவிக்கும் பிள்ளை எரிந்து பேசும். பெரியவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கை ஓங்குவார்கள். பிள்ளை மறுபடி பெட்டிக்கடைக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வாரம் தாங்கினால் இந்தத் தவிப்பு அடங்கிவிடும். அதுவரை மதிப்பெண் பேச்சை ஒத்திப்போடுங்கள். ஆசை எழும்பி அடங்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த நேரத்தைக் கடக்கத் தண்ணீர், ஒரு துண்டு நெல்லிக்காய், நாலு நடை போதும். இடையில் ஒருமுறை தவறினால் எல்லாம் போச்சு என்றில்லை. மறுநாளே தொடரச் சொல்லுங்கள்.

குறுக்குவழிகள் பல சொல்வார்கள். “அதற்குப் பதில் வெறும் பாக்கு போடட்டும்” என்பது ஒன்று. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வாய்த்தோலை இறுக்கி வாயைத் திறக்க விடாமல் செய்வதும் அதுதான். வெறுப்பு வரட்டும் என்று ஒரு பாக்கெட் முழுவதையும் மெல்ல வைப்பது நச்சேற்றுவதற்குச் சமம். சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கச் சொல்லி விற்கும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம்மையும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தராதீர்கள். மின்சிகரெட்டுக்கு மாறுவது தீர்வே அல்ல; அது 2019 முதல் நாடு முழுவதும் சட்டப்படி தடை செய்யப்பட்டது.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் அபராதம் 200 ரூபாய் வரைதான் என்பதால் கடைக்காரர்கள் அஞ்சுவதில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். பிடிபட்ட மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினால் பழக்கம் அவனோடு அடுத்த பள்ளிக்குப் போகும். கடை உங்கள் வாசலிலேயே இருக்கும்.

பழக்கத்தை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் எண் 1800 11 2356. கட்டணம் கிடையாது. பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே முதலில் பேசுங்கள்.