பிசின் எடுக்கலாம், மரத்தைச் சாகடிக்கலாமா?

இந்தத் தாளை ஒட்டியிருப்பது கருவேலம் பிசின். அதற்காக ஏரிக்கரை மரத்தைக் கத்தியால் ஆழமாக வெட்டினேன். "டேய், மரம் செத்துப்போயிடும்டா!" என்று ஆயா திட்டினார்கள்.

அடிபட்ட இடத்தை மூடவே மரம் பிசினை வடிக்கிறதாம்.

பக்கத்து ஆந்திராவின் வறண்ட மலைக்காடுகளில் வெள்ளைப் பட்டையுள்ள தப்சி மரம் உண்டு. பழங்குடி மக்கள் சேகரிக்கும் அதன் பிசினை, 1956-ல் விசாகப்பட்டினத்தில் தொடங்கிய கிரிஜன் கூட்டுறவுக் கழகம் வாங்குகிறது. மருந்துக்கும் பல்செட் ஒட்டும் பசைக்கும் அது உதவுகிறது. கோடாரியால் ஆழமாக வெட்டியதால் பல மரங்கள் பட்டுப்போயின. பிறகு, பட்டையை மட்டும் லேசாகச் செதுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மரம் பிழைத்தால்தானே அடுத்த வருஷமும் பிசின் கிடைக்கும்?

நீங்களும் தானாக வடிந்து காய்ந்த பிசினை மட்டும் எடுங்கள். நான் வெட்டிய காயம் ஆறுகிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிறேன்.

– 8ஆம் வகுப்பு மாணவன், மணவூர்