தம்புராவின் நாதமும் அலையட்டவணையும்

சங்கீதக் கச்சேரியிற் பாடகருக்குப் பின்னே அடங்கி ஒலிக்கும் தம்புராவை நாம் பலகாலும் கேட்டிருக்கிறோம். ஆயின் அதன்பாற் கருத்தைச் செலுத்தியோர் சிலரே. நான்கு தந்திகளை முறையே மீட்டுவதன்றி அதற்கு வேறு தொழிலில்லை. அதனிடம் மெட்டுகளில்லை, ராகமில்லை, தாளமுமில்லை. எனினும் அவ்வொலி இடையில் நின்றுவிடின் கச்சேரி முழுவதும் அடித்தளமிழந்த வீட்டை ஒக்கும். இத்தகைய வாத்தியத்தின் நாதத்தைப் பதிவு செய்து, கணினியில் இயங்கும் சிந்தசைசருக்கு உரிய வடிவில் ஆயத்தம் செய்யும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய பகுதிகளிலிருந்து வரும் மாணவருட் சிலர் தம் இல்லத்தின் ஓர் அறையிலேயே கணினியும் ஒலிவாங்கியும் வைத்து இசை அமைத்து வருதலின், இஃது ஏட்டளவில் நின்றுவிடாது கைத்தொழிலாகவும் பயன்படும் என்று நம்புகிறோம்.

அலையட்டவணை என்பது யாது? ஸ்வரமொன்று ஒலிக்குங்கால் காற்றின் அழுத்தம் ஒரே விதமாய் மீண்டும் மீண்டும் ஏறி இறங்குகின்றது. அவ்வேற்ற இறக்கத்தின் ஒரு சுற்றை மட்டும் அளந்து எண்களாக வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். கணினி அவ்வெண்களை விரைந்து திரும்பத் திரும்பப் படித்தால் உயர்ந்த ஸ்வரமும், மெல்லப் படித்தால் தாழ்ந்த ஸ்வரமும் பிறக்கும். இவ்வாறான சுற்றுகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இசையமைப்போன் விரும்பியவாறு ஒன்றினின்று மற்றொன்றுக்கு நழுவிச் செல்லுமாறு அமைத்ததே அலையட்டவணை. இதனை வேவ்டேபிள் என்று வழங்குவர். ஒரு சுற்று ஒற்றைச் சித்திரம் போன்றது. அட்டவணையோ ஓடும் படச்சுருள் போன்றது.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் மாக்ஸ் மாத்யூஸ் என்பார் கணினியைக்கொண்டு இசையெழுப்பினார். எண்களாகச் சேமித்த அலைவடிவை மீண்டும் மீண்டும் படிக்கும் உபாயம் அவருடைய முயற்சிகளின் வழியாகவே வளர்ந்தது. ஜெர்மனியில் வுல்ஃப்காங் பாம் என்பார் பல சுற்றுகளை அடுக்கும் முறையை வாத்தியமாக்கினார். 1981இல் வெளிவந்த பி.பி.ஜி. வேவ் 2 என்பது அவர் செய்தவற்றுட் புகழ்பெற்றது. பின்னர் இவ்வித்தை கருவியை விட்டு மென்பொருளுட் புகுந்தது. 2014இல் வந்த சீரம், 2020இல் வந்த வைட்டல் ஆகிய இரண்டும் மாணவர் பெரிதும் அறிந்தவை. பின்னதற்குப் பொருட்செலவின்றிப் பெறும் பதிப்பொன்றும் உண்டு. இவ்விரண்டிலும் ஒரு சுற்றுக்கு 2048 எண்கள்; ஓர் அட்டவணையில் 256 சுற்றுகள் வரை அடங்கும்.

நம் நாட்டினரும் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்திற்கு இளையராஜா கணினியின் துணைகொண்டு இசையமைத்தமை பலரும் அறிந்ததே. ஆயின் இம்மென்பொருள்களோடு வரும் ஆயத்த அட்டவணைகளைத் திறந்து பார்ப்போமாயின், அவற்றுட் பெரும்பாலன மேனாட்டுச் செவிக்கு உகந்த ஒலிகளாகவே இருத்தலைக் காண்போம். அவற்றைக் குறைகூறிப் பயனில்லை. செய்தவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தனர். நமக்குத் தெரிந்ததை நாமே செய்தல் வேண்டும்.

தம்புராவை முதலில் எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணமுண்டு. தந்தியை எவ்விடத்தில் மீட்டுகிறோமோ, அவ்விடத்தை அசைவற்ற புள்ளியாக உடைய மேற்சுரங்கள் ஒலியாமற் போதல் வேண்டுமென்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்போர் கண்ட விதி. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சி. வி. இராமன், தம்புராவும் வீணையும் இவ்விதிக்குக் கட்டுப்படாமையை 1921இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டினார். இவற்றின் குதிரை கூர்மையான விளிம்புடையதன்று. அகன்று, மெல்ல வளைந்த பரப்புடையது. அதிரும் தந்தி அப்பரப்பை ஓயாது தொட்டும் விட்டும் செல்கின்றது. அதனால் ஒலியாதொழிய வேண்டிய மேற்சுரங்களும் உயிர்பெற்று எழுகின்றன. தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகப்பெறும் நூற்றுண்டு அத்தொடுதலைச் செவ்வைப்படுத்துகிறது. அதனை ஜீவாளி என்று நம் முன்னோர் வழங்கியது எத்துணைப் பொருத்தம்!

இனி உற்றுநோக்க வேண்டியது இது: மீட்டிய கணத்தில் ஓங்கும் மேற்சுரம் வேறு, இரண்டு நொடி கழித்து ஓங்கும் மேற்சுரம் வேறு. தந்தியின் வீச்சுக் குறையக் குறைய ஒலியின் நிறமும் மாறிக்கொண்டே செல்கின்றது. ஆகவே தம்புராவின் ஒரே சுற்றை வெட்டியெடுத்து ஒலிக்கச் செய்வோமாயின் கிடைப்பது வெறும் ரீங்காரமே, தம்புரா அன்று. அதன் உயிர் எந்தவொரு சுற்றிலும் இல்லை. சுற்றுக்குச் சுற்று நிகழும் மாறுதலிலேயே உள்ளது. அம்மாறுதலைச் சிதையாமல் ஏந்திக்கொள்வதே நம் வேலை முழுவதும்.

முதலாவது, பதிவு. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்னும் நான்கு தந்திகளுள் ஒன்றையே ஒருகாலத்திற் பதிய வேண்டும்; ஏனைய மூன்றன்மேலும் மெல்லிய துணியைச் சுற்றி அடக்குதல் அவசியம். பஞ்சமத்தின் அதிர்வு சாரணியின் அதிர்வுக்கு நான்கில் மூன்று பங்கு. இரண்டும் கலந்தால் சாரணியின் நான்கு சுற்றுக்கு ஒருமுறையே அலைவடிவு முழுமையுறும். ஒரு சுற்றை வெட்டினால் அதன் இரு முனைகளும் பொருந்தா. ஜீவாளியை முன்னரே செவ்வையாக அமைத்து, ஒலிவாங்கியைக் குதிரையினின்று ஓரடி தொலைவில் வைத்து, நொடிக்கு 48,000 எண்கள், எண்ணொன்றுக்கு 24 பிட் என்ற அளவிற் பதிந்துகொள்ளலாம். எம்பி3 முதலிய சுருக்கப்பட்ட வடிவம் கூடாது.

அறையின் அமைதியே மிக அரிய பொருள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்துக் குடியிருப்போர் இயந்திர ஒலியையும், ஆவடி மார்க்கத்தில் இருப்புப்பாதையருகே இருப்போர் மின்சார ரயிலையும், பூவிருந்தவல்லியார் பெங்களூர் நெடுஞ்சாலையின் கனவண்டிகளையும் நன்கறிவர். இரவு நெடுநேரம் சென்றபின் பதிவு செய்தல் நலம். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்திவிட வேண்டும். மடிக்கணினியை மின்கலத்திலேயே இயக்க வேண்டும். ஏனெனில், நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஒரு கட்டைச் சுருதியில் மந்தர ஸட்ஜமோ ஏறக்குறைய 65. இவ்விரண்டும் அண்மையில் இருத்தலின், பதிவிற் புகுந்த மின்முழக்கத்தைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் எளிதன்று. எதிரொலியும் பகையே: முன்சென்ற சுற்றின் ஒலி சுவரில் மோதித் திரும்பி, நிகழும் சுற்றோடு கலந்து அதன் வடிவைக் குழப்பும். போர்வைகளைத் தொங்கவிடுதலும், பஞ்சணைகளைச் சூழ வைத்தலும் பெரிதும் உதவும்.

இரண்டாவது, வெட்டுதல். ஒரு கட்டைச் சுருதியில் சாரணி நொடிக்கு 130.8 முறை அதிரும். எனவே ஒரு சுற்றுக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 367 எண்கள். இவற்றை 2048ஆக விரித்தல் வேண்டும். எண்களை அப்படியே இரட்டித்து நிரப்பினால் படிக்கட்டுப்போன்ற பொய்வடிவு தோன்றும். இடைப்பட்ட மதிப்புகளை முறையாகக் கணக்கிடும் மென்பொருளையே நாட வேண்டும். விரிப்பதனால் புதிய மேற்சுரங்கள் பிறவா என்பதும் நினைவிற்குரியது. எட்டு நொடி ஒலிக்கும் தந்தி 1,046 சுற்றுகளைத் தரும்; நான்கிற்கு ஒன்றாகத் தெரிந்தெடுத்தால் 256 சுற்றுகள் நிரம்பும். 256ஐ 2048ஆற் பெருக்கினால் 5,24,288 எண்கள். அட்டவணை முழுவதும் அவ்வளவே.

மூன்றாவது, பொருத்துதல். ஒவ்வொரு சுற்றும் அலையின் ஒரே நிலையிலிருந்து தொடங்க வேண்டும். அலை சூனியத்தைக் கடக்கும் இடத்தைக் கண்ணாற் பார்த்து வெட்டுவது பலர் வழக்கம். தம்புராவிலோ மேற்சுரங்கள் ஆதார ஸ்வரத்தினும் ஓங்கி நிற்றலால், ஒரே சுற்றில் அலை பன்முறை சூனியத்தைக் கடக்கும். அவ்வழி இங்கே ஏமாற்றும். ஆதார ஸ்வரத்தை மட்டும் வடிகட்டிப் பிரித்து, அதன் நிலையைக் கொண்டே எல்லாச் சுற்றுகளையும் வெட்டுதல் தக்கது. தவறின், ஒரு சுற்றினின்று அடுத்ததற்கு நழுவுங்கால் மேற்சுரங்கள் ஒன்றையொன்று அழித்து, ஒலி நடுவிற் குழிந்துபோகும். முனைகள் பொருந்தாவிடில் சுற்றுதோறும் ஒரு சொடுக்கொலி எழுந்து, கரகரப்பாகக் கேட்கும்.

நான்காவது, சமன்செய்தல். தந்தியின் ஒலி தேய்ந்துகொண்டே போகுமாதலின், பிற்பட்ட சுற்றுகள் மெலிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவிற்கு உயர்த்திவிட்டால், இசையமைப்போன் பின்னர்த் தன் விருப்பப்படி ஒலியை ஏற்றவும் இறக்கவும் கூடும். ஆயின் மிகத் தேய்ந்த பகுதியை உயர்த்துவோமாயின், அறையின் இரைச்சலும் உடனுயரும். ஒலி தெளிவாயுள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்வதே விவேகம். சுற்றுகள் குறைந்தால் குறையட்டும். தூய்மையான 128 சுற்றுகள் மாசுபட்ட 256இனும் மேலானவை.

இவ்வளவும் செய்து முடித்தபின் இறுதியான சோதனை செவியே. அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை மெல்ல நகர்த்திக் கேட்டு, உண்மைத் தம்புராவையும் அருகில் மீட்டி ஒப்புநோக்க வேண்டும். சங்கீதம் கற்றவர் ஒருவர் உடனிருந்து கேட்டல் மிக நன்று. வரைபடத்தில் தோன்றாத குறை அவர் செவியிற் படும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. அலையட்டவணை சுற்றாக மீள்வதை மட்டுமே ஏந்தும். தந்தியில் விரல் படும் மெல்லோசையும், நான்கு தந்திகளும் ஒன்றையொன்று தூண்டி ஒலிக்கும் இணக்கமும் அதன் கையிற் சிக்கா. வீணையில் எழும் கமகமோ வாசிப்போன் கையைச் சேர்ந்தது. அதனை அட்டவணையிற் பூட்ட முடியாது. ஆகையால் இவ்வாறு செய்யப்படும் ஒலி தம்புராவிற்கு மாற்றாகாது. தம்புராவினின்று பிறந்த புதியதோர் ஒலியென்றே கொள்ளத்தகும். அதனைத் தம்புரா என்று பெயரிட்டு விற்றல் நேர்மையன்று. யாருடைய வாத்தியம் பதியப்பட்டது, யார் மீட்டினார், எக்கட்டைச் சுருதி, எந்நாள் என்பவற்றைக் குறித்துவைத்து, மீட்டியவருடைய சம்மதத்தைப் பெற்றபின்னரே பிறர்க்கு வழங்க வேண்டும்.

பலாமரத்தைக் குடைந்து தம்புராவும் வீணையும் செய்யும் தஞ்சாவூர்க் கைவினைஞர், குதிரையின் வளைவை மயிரிழையளவும் பிசகாமற் செதுக்குகின்றனர். அவ்வளைவில் அடங்கிய அறிவை இராமன் அளந்து உலகிற்கு உரைத்தார். இன்று அதே அறிவை எண்களாக ஏந்தும் கருவி நம் மாணவரின் மேசைமேல் இருக்கின்றது. பல வீடுகளில் மூலையிற் சாத்தப்பெற்ற தம்புராக்கள் தூசி படிந்து நிற்கின்றன. நிலத்திற் புதைத்த தாலந்து எவர்க்கும் பயன்படாதென்பது நாமறிந்த உவமை. இவ்விடுமுறையில் மாணவர் ஒருவரேனும் அத்தூசியைத் துடைத்து, தந்திகளைச் சுருதி கூட்டி, ஜீவாளியைச் செவ்வைசெய்து, அறையின் ஓசையடங்கிய நள்ளிரவில் ஒரு தந்தியை மீட்டிப் பதிவாராயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.