பயணிகளை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

ரயில் பாதை அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, அதில் எத்தனை பேர் பயணம் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே கணிக்க வேண்டும். அதற்காகத் திட்டமிடுவோர் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுகின்றனர். ஒரு வட்டாரத்திலிருந்து எத்தனை பயணங்கள் தொடங்கும்? அவை எங்கே முடியும்? மக்கள் ரயில், பேருந்து, கார் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பர்? எந்த வழியாகச் செல்வர்?

முதல் கேள்விக்கான விடை, அங்குள்ள வீடுகளின் எண்ணிக்கையைப் பெரிதும் சார்ந்தது. அது மாறினால் மற்ற கணக்குகளும் மாறிவிடும்.

சிங்கப்பூரின் புவாங்கோக் நிலையம் இதற்குச் சான்று. 2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் வடகிழக்கு ரயில் பாதை சேவையைத் தொடங்கியது. புவாங்கோக் நிலையம் கட்டி முடிக்கப்பட்டிருந்தும் திறக்கப்படவில்லை. சுற்றிலும் போதிய வீடுகள் இல்லை என்பதே காரணம். ஆனால், அங்குக் குடியேறியிருந்தவர்கள் நிலையத்தைத் திறக்குமாறு கேட்டு வந்தனர். 2005இல் நிலையத்தின் அருகே வெள்ளை யானை உருவங்கள் வைக்கப்பட்டன. பெருஞ்செலவில் உருவாகிப் பயன்படாமல் கிடப்பதை ‘வெள்ளை யானை’ என்பர். 2006ஆம் ஆண்டு ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது.

கணக்கில் ‘போதாது’ எனப்பட்ட அந்த எண்ணிக்கைக்குள், நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் சென்ற மனிதர்கள் இருந்தனர். நீங்கள் திட்டமிடுபவராக இருந்திருந்தால், நிலையத்தை எப்போது திறந்திருப்பீர்கள்?