தூண்டிலும் பாயில் விதியும்



அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாஷிங்டன் என்றொரு மாநிலம் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. இங்கே பசிபிக் கடல் கரையைப் பிளந்துகொண்டு வெகுதூரம் உள்ளே வந்திருக்கிறது. அந்த உள்கடலுக்குப் பியூஜட் சவுண்ட் என்று பெயர். சியாட்டில் நகரம் இதன் கரையில்தான் உள்ளது. லீவு நாளில் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தூண்டில் போடப் போவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. விற்பதற்கு அல்ல, வீட்டுச் சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும்தான். அவர்கள் ஆசையாகத் தேடிப் போகும் மீன்களில் முக்கியமானவை இரண்டு: சால்மன், லிங்காட்.

மீன் பிடிப்பதில் டிப்ளமோ மாணவனுக்கு என்ன பாடம் என்று கேட்கலாம். அங்கே பிடிப்பது பாதி வேலைதான். பிடித்ததில் எதை விட வேண்டும், விட்டது பிழைக்குமா என்பதே மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் நாம் வகுப்பில் படித்த இயற்பியல் அப்படியே வந்து நிற்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு மீன், இரண்டு குணம்

நம் ஊர்க் கடைகளில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பார்கள். அது வேறு குடும்பம். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, மறுபடி தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டு இறந்துவிடும். இதில் பல வகை உண்டு. மிகப் பெரியது சினூக். கோஹோ என்பது அதைவிடச் சிறியது. வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்: பல் இருக்கும் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக், வெளுத்திருந்தால் கோஹோ.

லிங்காட் என்ற பெயரில் 'லிங்'கும் 'காட்'டும் இருந்தாலும் அது அந்த இரண்டு இனத்தையும் சேர்ந்ததல்ல. பெரிய வாய், கூர்மையான பற்கள், ஐந்தடி வரை வளரும் உடம்பு. பாறை இடுக்கே அதற்கு வீடு. பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு அதிக தூரம் போகாது. குளிர்காலத்தில் பெண் மீன் பாறை இடுக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் மீன்தான் குஞ்சு பொரிக்கும்வரை காவல் காக்கும். தூண்டிலில் மாட்டிய சின்ன மீனைக் கவ்விக்கொண்டு, விடாமல் படகு வரைக்கும் வருகிற பேராசையும் இதற்கு உண்டு.

ஆக, சால்மன் வழிப்போக்கன்; லிங்காட் வீட்டுக்காரன். அதனால் தூண்டில் போடும் முறையும் வேறு வேறு.

ஆழத்தை அளக்கும் கணக்கு

சால்மன் நடுத்தண்ணீரில் இரையைத் துரத்தி ஓடும். எனவே படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே இரையைக் குறிப்பிட்ட ஆழத்தில் இழுத்துப் போக வேண்டும். இதற்கு டவுன்ரிக்கர் என்ற ஒரு சாதனம். நம் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு உருளை, அதில் மெல்லிய எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் ஐந்தாறு கிலோ எடையுள்ள ஈயக்குண்டு. தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பால் இந்தக் குண்டோடு சேர்த்து மாட்டி இறக்குவார்கள். மீன் கவ்வி இழுத்ததும் நரம்பு கிளிப்பை விட்டு விலகிவிடும். குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம்.

உருளையில் உள்ள மீட்டர் எத்தனை அடி கம்பி இறங்கியது என்று காட்டும். ஆனால் அது ஆழம் அல்ல, கம்பியின் நீளம். படகு ஓடும்போது தண்ணீர் தள்ளுவதால் கம்பி பின்னால் சாயும். 100 அடி கம்பி விட்டு, அது செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்ந்தால், குண்டு இருக்கும் ஆழம் 100 × காஸ் 30, அதாவது சுமார் 87 அடிதான். கம்பி நேர்கோடாக இல்லாமல் சற்று வளைந்திருக்கும் என்பதால் இது ஒரு தோராயக் கணக்கு. திரிகோணமிதி எதற்கு உதவும் என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லலாம்!

நரம்பு சுற்றும் ரீலிலும் நமக்குத் தெரிந்த பொருள் ஒன்று இருக்கிறது. உள்ளே உராய்வுத் தட்டுகள், வண்டியில் இருக்கும் கிளச் பிளேட் போல. மீன் வேகமாக ஓடினால் தட்டுகள் வழுக்கி நரம்பை விடும், நரம்பு அறாது. நரம்பு 20 பவுண்டு தாங்கும் என்றால், 5 அல்லது 6 பவுண்டு இழுப்பில் வழுக்கும்படி வைப்பார்கள். ரொம்பத் தளர்வாக வைத்தாலும் ஆபத்து. மீன் நெடுநேரம் போராடிக் களைத்துப்போனால், விட்ட பிறகு பிழைப்பது கஷ்டம்.

லிங்காட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. நீரோட்டம் அடங்கும் நேரமாகப் பார்த்துப் பாறைக்கு மேலே படகை நிறுத்தி, முள் கோத்த ஈயக்கட்டியைத் தரை வரை இறக்கித் தூக்கித் தூக்கிப் போட்டால் போதும். ஆனால் அதே பாறையில் மூன்றாவதாக ஒருவர் குடியிருக்கிறார். சிக்கல் அவரால்தான்.

பாறையில் மூன்றாவது மீன்

அவர் பெயர் ராக்ஃபிஷ். நம் ஊர்ப் பாறை மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு. ராக்ஃபிஷ்ஷின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது. தண்ணீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிற்க அது உதவுகிறது.

இங்கேதான் பாயில் விதி வருகிறது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கன அளவும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். கடல் மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். 30 மீட்டரில் மொத்தம் 4. அந்த ஆழத்திலிருந்து மீனைச் சரசரவென்று மேலே இழுத்தால், பையிலுள்ள காற்று நான்கு மடங்காக விரியப் பார்க்கும். வயிற்றுக்குள் அவ்வளவு இடம் ஏது? இரைப்பை வாய் வழியே பிதுங்கும், கண் வெளியே தள்ளும். தண்ணீரில் விட்டாலும் உள்ளே போக முடியாமல் பந்து மாதிரி மிதக்கும். கடற்பறவைக்கு இரையாகும்.

மூன்று மீனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சால்மனுக்கும் காற்றுப்பை உண்டு. ஆனால் அதிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு வழி இருப்பதால் காற்றை வெளியே விட்டுவிடும். லிங்காட்டுக்குக் காற்றுப்பையே கிடையாது. ராக்ஃபிஷ்ஷுக்குப் பை உண்டு, வழி இல்லை. பாதுகாப்பு வால்வு இல்லாத பாய்லர் மாதிரி!

இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. மீனின் உதட்டைக் கவ்வும் ஒரு கிளிப், அதனோடு ஒரு எடை. மீனைத் திரும்பக் கீழே இறக்க வேண்டியதுதான். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், காற்று பழைய அளவுக்குச் சுருங்கும், மீன் தானாக நீந்திப் போகும். குறித்த ஆழத்தில் அழுத்தத்தாலேயே வாய் திறந்து மீனை விடுவிக்கும் கிளிப்பும் உண்டு. பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, ஓரத்தில் எடை கட்டி, மேலே கயிறு போட்டு இறக்குபவர்களும் உண்டு. பாயில் விதி கெடுத்ததைப் பாயில் விதியே சரிசெய்கிறது.

சட்டமும் காரணமும்

இதை வீட்டில் படித்துக் காட்டியபோது எங்கள் அம்மா, "பிடிச்ச மீனை எதுக்குப்பா திரும்ப விடணும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதில் இதோ:

1. பியூஜட் சவுண்ட் சினூக் சால்மன் 1999-ல் அமெரிக்காவின் அழிநிலை உயிரினச் சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டது. எனவே பல இடங்களில் ஆற்றில் இயற்கையாகப் பிறந்த சினூக்கை எடுக்கக் கூடாது. பொரிப்பகத்தில் வளர்த்து விட்டதை மட்டுமே எடுக்கலாம். வித்தியாசம் தெரிய, பொரிப்பகக் குஞ்சுகளுக்கு முதுகில் வால் பக்கம் உள்ள சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். துடுப்பு முழுசாக இருந்தால், மீனைப் படகுக்குள் தூக்காமல் தண்ணீரில் வைத்தே முள்ளைக் கழற்றி விட வேண்டும்.

2. சால்மன் தூண்டில் முள்ளில் எதிர்முனை இருக்கக் கூடாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்குமே, அந்தச் சின்னக் கூர்தான். குறடால் அதை நசுக்கிவிட்டால் முள் சுலபமாகக் கழன்றுவிடும்.

3. பியூஜட் சவுண்டில் லிங்காட் பிடிக்க மே 1 முதல் ஜூன் 15 வரைதான் காலம். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்று. நீளம் 26 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 36 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. சிறியது இன்னும் இனப்பெருக்கம் செய்திருக்காது. மிகப் பெரியவை ஏராளமாக முட்டையிடும் பெண் மீன்கள். குளிர்காலத்தில் தடை ஏன் என்றால், காவல் காக்கும் அப்பாவைப் பிடித்துவிட்டால் முட்டைகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

4. ராக்ஃபிஷ் வகையில் மஞ்சள் கண் கொண்ட யெல்லோஐ 100 வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். 2010-ல் பியூஜட் சவுண்டில் அதுவும் அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே 120 அடிக்கு மேல் ஆழமான இடத்தில் தரை மீனுக்குத் தூண்டில் போடத் தடை உண்டு. வாஷிங்டன் மாநிலக் கடலில் தரை மீன் பிடிக்கப் போகும் படகில், மீனைக் கீழே இறக்கும் சாதனம் தயாராக இருக்க வேண்டும் என்று 2017-ல் விதி வந்தது.

முடிவுரை

மேலே சொன்ன விதிகளில் ஒன்றுகூட யாரோ மேஜையில் உட்கார்ந்து சும்மா எழுதியது அல்ல. துடுப்பு, முள், காற்றுப்பை, முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் மீனின் உடம்பிலேயே காரணம் இருக்கிறது. காரணம் தெரியாதவனுக்கு அது அதிகாரியின் தொல்லை. காரணம் தெரிந்தவன், நடுக்கடலில் யாரும் பார்க்காவிட்டாலும் கூடையைக் கவிழ்த்து மீனைக் கீழே இறக்குவான். சட்டப்படி விட்டுவிட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டால் போதாது. விட்ட மீன் பிழைக்க வேண்டும். அதுதான் கணக்கு.

நாமும் நாளை ஏதோ ஒரு இயந்திரத்தின் முன் நிற்கப் போகிறவர்கள். ஒரு பொருளை இழுக்கவும் தூக்கவும் கற்றுக்கொள்ளும்போதே, அதைச் சேதமில்லாமல் இறக்கி வைக்கவும் கற்றுக்கொள்வோம். அதுவும் தொழில்நுட்பம்தான்.