திரை நின்றதா, சந்தை நின்றதா?

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டேகால் மணி தாண்டியதும் ஜெரோதா, குரோ ஆகிய பங்கு வர்த்தகச் செயலிகள் பலருக்குத் திறக்கவே இல்லை. இப்படி ஆனால் முதலில் சிம் கார்டைத்தான் திட்டத் தோன்றும். அன்று பழுது கைபேசியிலும் இல்லை, தரகு நிறுவனத்திலும் இல்லை. பல இணையதளங்களுக்கு முன்வாசலாக நிற்கும் கிளவுட்ஃப்ளேர் தடுமாறியிருந்தது. சுமார் 25 நிமிடத்தில் சரியானது. அதற்குள் ஜெரோதா, வாட்ஸ்அப் வழியாக இயங்கும் தன் மாற்று வசதிக்குப் போகச் சொன்னது. அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும்?

செயலி திறக்காவிட்டால், வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்ப்பது முதல் வேலை. அடுத்து, அதே கணக்கைக் கணினியில் திறக்க வேண்டும். பிறகு தேசியப் பங்குச் சந்தையின் (என்எஸ்இ) தளத்தில் நான்கைந்து பங்குகளின் விலை நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நிஃப்டி எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2021 பிப்ரவரி 24 அன்று காலை பத்து மணி வாக்கில் நிஃப்டி எண் நின்றுபோனது, வர்த்தகமோ 11.40 வரை நடந்தது. அதன்பின் என்எஸ்இயே நிறுத்தப்பட்டு, 3.45க்குத் திறந்து, 5 மணி வரை ஓடியது. இடைப்பட்ட நேரத்தில் மும்பைப் பங்குச் சந்தை இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

டவுன்டிடெக்டர் போன்ற தளங்கள் பயனர்களின் புகார்களைத்தான் எண்ணுகின்றன. உதவும், ஆனால் 2025 நவம்பர் 18இல் கிளவுட்ஃப்ளேர் முடங்கியபோது அந்தத் தளமும் சேர்ந்தே படுத்துவிட்டது. எக்ஸ் தளத்தில் புலம்பினால் 'வாடிக்கையாளர் சேவை' என்று முதலில் பதில் போடுபவர் மோசடிக்காரராகவும் இருக்கலாம்.

பெரிய இழப்பு வருவது பதற்றத்தில் ஆர்டரை மறுபடி அழுத்துவதால்தான். திரையில் பதில் வராவிட்டாலும் முதல் ஆர்டர் சந்தைக்குப் போயிருக்கலாம். ஆர்டர் புக்கைப் பார்க்காமல் இரண்டாவது தட்டல் கூடாது.

ஸ்டாப் லாஸ் விஷயத்தில் பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று உண்டு. வழக்கமான ஸ்டாப் லாஸ் ஆர்டர் பங்குச் சந்தையின் கணினியிலேயே காத்திருக்கும். செயலி செத்தாலும் அது வேலை செய்யும். குறித்த விலை வந்ததும் ஆர்டர் அனுப்பும் ஜிடிடி (GTT) அப்படியல்ல. அது பொதுவாகத் தரகு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது; விலை தொட்ட பிறகே சந்தைக்குக் கிளம்பும். சர்வர் விழுந்தால் அதுவும் போச்சு. இதனால்தான் இதை எழுதுபவர், அன்றன்றே முடிக்கும் வர்த்தகத்தில் ஜிடிடியை நம்புவதில்லை. தொலைபேசியில் ஆர்டர் சொல்வதற்கான 'கால் அண்ட் டிரேட்' எண்ணையும் செயலிக்குள் தேடாமல் காகிதத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

இரண்டாவது தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பது நல்ல யோசனைதான். ஆனால் முதல் டீமேட்டில் உள்ள பங்கை அங்கிருந்து விற்க முடியாது. எதிர்நிலை எடுத்து நஷ்டத்தைத் தடுக்கலாம், அதற்கும் பணம் அங்கே இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களும் ஒரே கிளவுட்ஃப்ளேருக்குப் பின்னால் நின்றால் அந்த வழியும் அடைபடும்.

தரகு நிறுவனம் முழுதாக முடங்கினால், 2023 அக்டோபரில் வந்த, பங்குச் சந்தைகளின் அவசரகாலத் தளமான ஐஆர்ஆர்ஏ (IRRA) இருக்கிறது. குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இணைப்பு வரும். நிலுவை ஆர்டர்களை ரத்து செய்யலாம், திறந்திருக்கும் பொசிஷன்களை முடிக்கலாம். புதிதாக வாங்க முடியாது. கணக்கில் பழைய கைபேசி எண் கிடந்தால் அந்த இணைப்பு வந்து சேராது. இழப்பீடு கேட்பதாக இருந்தால், நேரம் தெரியும்படி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுடன் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் தர வேண்டும், பதில் திருப்தி தராவிட்டால் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளத்தில்.