வீடு பார்க்க வெயிலில் வராதே

போன வாரம் ஈப்போவிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். ஆசிரியர் வேலைக்கு ஹுத்தான் மெலிந்தாங்கில் போட்டுவிட்டார்களாம். "அக்கா, காடு குறுக்கே படுத்திருக்குன்னு ஊருக்குப் பேரு வச்சிருக்காங்க. அங்க வீடெல்லாம் கிடைக்குமா?" என்றாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியோடு இங்கே வந்து இறங்கியவள்தான். அவளுக்குச் சொன்னதை, தாதியாக, கிளார்க்காக, செம்பனை ஆலை வேலைக்காக இந்தப் பக்கம் வரப்போகிற மற்றத் தங்கச்சிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் விஷயம், தங்கச்சி: வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வீடு பார்க்காதே. அந்த நேரத்தில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த அன்று வா. முடிந்தால் அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி வா. கோயிலுக்காகச் சொல்லவில்லை, கடலுக்காகச் சொல்கிறேன். இந்த ஊர் பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர், சபாக் பெர்ணம். கடல் பக்கம் என்பதால் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் ஏற்றம் கூடுதல். ஆறு ஏறி நிற்கும்போது வடிகால் மதகை மூடித்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்துவிடும். அதே நேரம் மழையும் கொட்டினால் வடிகால் தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நிற்கும். எந்தத் தாமானில் எந்த வரிசை நனையும், எது நனையாது என்பதை அன்றைக்கு வந்தால்தான் பார்க்க முடியும்.

மழை நாளில் வர முடியாவிட்டால் சுவரைப் பார். கதவுச் சட்டத்தின் அடியில், குசினி அலமாரியின் பின்னால், கழிவறைக் கதவின் கீழ்ப்பலகையில் ஒரே மட்டத்தில் கறை ஓடினால் அது தண்ணீர் நின்ற அடையாளம். அடியில் ஒரு முழம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்கு இன்னும் சந்தேகம் வரும். வந்து குடியேறிய பிறகு, வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தைப் போனில் வைத்துக்கொள். ஆற்று மட்டம், மழை அளவு எல்லாம் அதில் வரும்.

அடுத்தது விரிசல். இங்கே மண் மெத்து மண், கடற்கரைக் களிமண். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை நீ பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பாய். 1885-ல் கட்டியது, உள்ளே தண்ணீர்த் தொட்டி. மெத்தென்ற தரை அந்தப் பாரத்தைத் தாங்காமல்தான் சாய்ந்தது. உன் வாடகை வீடு அவ்வளவு சாயாது. ஆனால் பின்னால் இழுத்துக் கட்டிய குசினியும் முன்னால் போட்ட கார் கொட்டகையும் பழைய வீட்டை விட்டு மெல்ல விலகி இறங்கும். சேருகிற இடத்தில் விரல் நுழைகிற பிளவு இருக்கிறதா பார். அதன் வழியாக மழையும் வரும், எறும்பும் வரும், ஒருமுறை என் வீட்டில் பூரான் வந்தது.

மாடியில் வாலெட் குருவிக்கு வீடு கட்டியிருக்கிற கடைவரிசைப் பக்கம் அறை எடுக்காதே. கூட்டுக்காகக் குருவியைக் கூப்பிட ஒலிபெருக்கியில் கீச்சு கீச்சென்று போட்டுக்கொண்டே இருப்பார்கள். பகலில் நீ வேலையில் இருப்பாய், தெரியாது. முதல் விடுமுறை நாளில் தெரியும்.

இப்போது காசு. வழக்கம் இதுதான்: இரண்டு மாத வாடகை டிப்பாசிட், தண்ணி-லைட்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்பணம். வாடகை 600 வெள்ளி என்று வைத்துக்கொள். 1,200, 300, 600 சேர்த்து 2,100 வெள்ளி கையில் இல்லாமல் சாவி வராது. புது வேலையில் முதல் சம்பளம் பிந்தி வருவதும் உண்டு, அதனால் அம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

"நம்ம ஆளுதானே, எழுத்தெல்லாம் எதுக்கு?" என்று வீட்டுக்காரர் சொன்னால், அந்த நம்ம ஆளிடம்தான் எழுதி வாங்க வேண்டும். இங்கே என் முதல் வீட்டுக்காரர் என்னைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார், தீபாவளிக்கு முறுக்கெல்லாம் கொடுத்தனுப்புவார். காலி பண்ணும்போது, குசினி சிங்க் முன்பே உடைந்திருந்ததை நான் உடைத்ததாகச் சொல்லி டிப்பாசிட்டைத் திருப்பித் தரவில்லை. என்னிடம் ஒரு தாளும் இல்லை, ஒரு படமும் இல்லை. நம் நாட்டில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் பல வருஷமாகப் பேச்சில்தான் கிடக்கிறது. ஆகவே ஒப்பந்தத் தாள்தான் உனக்குத் துணை. அதற்கு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்டு, இப்போது ஆன்லைனிலேயே முடியும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். 5,000 வெள்ளி வரையிலான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு கோரிக்கை வழக்கு போடலாம், வக்கீல் வேண்டாம். எனக்கு இது தெரிந்தபோது அந்த வீட்டில் மூன்றாவது குடித்தனம் வந்துவிட்டது.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்கு முன்னால், வீடு முழுக்கப் போனில் படம் எடு. லைட் மீட்டர், தண்ணி மீட்டர் எண்கள் தெளிவாகத் தெரியட்டும். அவற்றை வாட்சப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்பு. தேதியோடு நிற்கும். டிஎன்பி கணக்கையும் லெம்பாகா ஆயர் பேராக் கணக்கையும் உன் பெயருக்கு மாற்ற முடிந்தால் மாற்றிக்கொள். முடியாவிட்டால் பழைய பாக்கி இல்லை என்று பில்லைப் பார்த்துவிட்டுப் பணம் கொடு. முன்னால் இருந்தவன் வைத்த பாக்கிக்காக உன் வீட்டு லைட்டை வெட்டினால் இருட்டில் உட்காரப்போவது நீதான். குழாய்த் தண்ணீர் சில நாள் வராது, ஒரு பெரிய தோங் எப்போதும் நிரம்பி இருக்கட்டும்.

தோட்டத்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கலாம். பக்கத்திலேயே ஜெண்டராட்டா இருக்கிறது. 1906-ல் டென்மார்க்காரர் வெஸ்டன்ஹோல்ஸ் ரப்பர் போட ஆரம்பித்த இடம், இன்றைக்குச் செம்பனை. பழக்குலை ஏற்றும் சின்ன ரயில் இன்னும் அங்கே ஓடுகிறது. குவார்ட்டர்ஸ் கிடைத்தால் எடுத்துக்கொள், வாடகை மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைத் தொடாதே. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் வேறொரு தோட்டத்தில் பால் வெட்டினார். லயத்து வீட்டு முன்னால் அவர் நட்ட மாமரம் கூரையைத் தாண்டி வளர்ந்தது. ஓய்வு பெற்றதும் வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். வேலையோடு வந்த வீடு, வேலையோடு போயிற்று. மாமரத்தை என்ன செய்வது என்று அம்மா இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார்.

போக்குவரத்து பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பஸ்ஸை நம்பாதே, மோட்டாரோ காரோ வேண்டும். தெலுக் இந்தானுக்குப் போகிற அஞ்சாம் நம்பர் ரோட்டில் செம்பனை லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே. ஒரு குலை பத்து இருபது கிலோ கனக்கும், வளைவில் விழுந்தால் ஹெல்மெட் எல்லாம் சும்மா. காய்ச்சல், இருமல் என்றால் ஊரிலேயே அரசாங்கக் கிளினிக், 1 வெள்ளி. பெரிய வியாதிக்குத் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி. ஐசியில் முகவரி மாற்ற மறந்துவிடாதே, 30 நாளுக்குள் பதிவிலாகாவில் சொல்ல வேண்டும். ஓட்டுப் போடும் இடத்தை மாற்றவும் ஐசி முகவரி மாறியிருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் தேர்தல் அன்று ஈப்போவுக்குக் கார் ஓட்டு.

மீன், இறால் விஷயத்தில் நீ கொடுத்து வைத்தவள். மீன்பிடிப் படகு வந்து சேருகிற ஊர். காலையில் சீக்கிரம் போ. ஒரே சீன அக்காவிடம் நாலு வாரம் தொடர்ந்து வாங்கு, ஐந்தாவது வாரம் நல்லதை அவரே உனக்கென்று எடுத்து வைப்பார்.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான். வந்த ஒரு மாதத்தில் யாராவது "கூட்டு கட்டுறியா தங்கச்சி, மாசம் 200 வெள்ளிதான்" என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடு. கூட்டு என்கிற இந்தச் சீட்டு நடத்துவதற்கு 1971-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. சீட்டுத் தலைவி ராத்திரியோடு வீட்டைக் காலி பண்ணினால் போலீசில் போய் எப்படிச் சொல்வாய்? கேட்டவரோடு கோபித்துக்கொள்ளாதே. அவர்தான் நீ ஊருக்குப் போயிருக்கும்போது மழை வந்தால் உன் செருப்பையும் துணியையும் உள்ளே எடுத்து வைப்பார்.

சித்தி மகள் இன்னும் வீடு பார்க்கவில்லை. மூன்று வீட்டின் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள், மூன்றிலும் பளீரென்று வெயில். வருகிற பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலமே வந்து என் வீட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ஆறு ஏறுகிற நேரத்தைப் பார்த்து ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்று வீட்டு வடிகாலையும் பார்க்கப் போகிறோம்.